கறுப்புப் பலகையில் ஒரு வயலின்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டிலும் உனக்கு அதே குணம்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதிலும் நான் குறை கண்டுபிடிப்பேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கும் லேப்பில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறேன். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே பஞ்சு முடிச்சு என்று பார்க்க வேண்டும். அந்த முடிச்சை நாங்கள் நெப்ஸ் என்போம். சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் திருப்பி அனுப்பு. பெயர் மாரிச்செல்வி. ஷெட்டில் எனக்கு வேறொரு பெயரும் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மகளைக் கீபோர்டு வகுப்பில் சேர்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வகுப்பு எடுத்தவர் ஹபீப் ரகுமான் பாய். மகள் மூன்றாவது வாரமே கபடிக்கு ஓடிவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்.

ரகுமான் பாய் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதுகிறவர். பாடுகிற பாட்டு இல்லை. வயலின்காரர்கள் இருபது பேர், வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி செல்லோ, புல்லாங்குழல், ஊதுகிற பித்தளை வாத்தியங்கள் என்று ஐம்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டிய இசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கு ஐம்பது பேரை எங்கே பிடிப்பது? அதனால் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி செய்து கேட்டுக்கொள்வார்கள். மாக்கப் என்று பெயர். பாய்க்கு ராகம் உண்டு, பொறுமை கிடையாது. எனக்குப் பொறுமை மட்டும்தான் உண்டு. அவர் எழுதுவார், நான் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவேன். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் பஸ் பிடித்தால் மூன்று மணிக்கெல்லாம் அவர் வீட்டு மாடியில் இருப்பேன். கீழே அவர் மனைவி ஃபஸீலா மதினியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த முதல் நாளை மறக்க முடியாது. பாய் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். செல்லோ. அடிவயிற்றில் இருந்து யாரோ பேசுவது போல் ஒரு சத்தம் அறை முழுக்க நின்றது.

"இது மெஷின் போடுத சத்தம் இல்ல, செல்வி," என்றார். "எங்கயோ ஒரு தேசத்துல, ஒரு மண்டபத்துல, ஒரு ஆளு உக்காந்து இந்த ஒத்தைச் சுரத்தை வாசிச்சிருக்காரு. மெதுவா ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை. அதையும் நாலு நாலு தடவை. பொறவு அடுத்த சுரம். நாள் கணக்கா இதே வேலை. அம்புட்டையும் பிடிச்சு வச்சிருக்காங்க. நாம கட்டையை அமுக்கினா அவர் வாசிச்சது வரும்."

"நாம இங்க அமுக்குதது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. யாரோ ஒருவர் ஒரே ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அது இங்கே வந்து என் விரலுக்கடியில் காத்துக் கிடக்கிறது. காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். சுரம் தொடங்குவதற்கு மயிரிழை முன்னால் அந்த ஆள் மூக்கால் மூச்சை இழுப்பது கேட்டது. நல்ல கனத்த சரீரம், நரைத்த மீசை என்று நானே முடிவு செய்து, செல்லோப் பெரியப்பா என்று பெயரும் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. நான் கட்டையில் அழுத்தி அடுக்கியதை உயிருள்ள மனுஷர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்து, ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். போனில் எத்தனையோ ஆர்க்கெஸ்ட்ரா கேட்டாகிவிட்டது, அது வேறு. இது நாங்கள் பெற்ற பிள்ளை பேசுவதைக் கேட்பது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் அதற்கு வழி பிறந்தது. செண்பகத்தோப்புக் காட்டில் இருக்கும் சாம்பல் அணிலைப் பற்றிச் சென்னையில் அனுசியா என்று ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் தொடக்கத்துக்கு நாலு நிமிஷ இசை வேண்டும். ஐரோப்பாவில் ஒரு ஊரில் ஐம்பத்திரண்டு பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்தலாம், இங்கே இருந்தபடியே இன்டர்நெட்டில் கூடவே கேட்கலாம். பாயிடமும் இன்னொருவரிடமும் மாக்கப் கேட்டிருந்தார். யாருடையது மனசைத் தொடுகிறதோ அது அந்த ஐம்பத்திரண்டு பேரிடம் போகும்.

பாய் அருமையாக எழுதினார். இருட்டில் செல்லோ தனியாக ஆரம்பிக்கும், புல்லாங்குழல் விடியும், பிறகு அணில் மரத்துக்கு மரம் தாவும்போது வயலின்கள் குட்டிக் குட்டிச் சுரமாகக் கொத்திக்கொண்டே ஓடும். மொத்தம் இருபத்து மூன்று வாத்திய வரிசை. அதை ஏற்ற எனக்கு இரண்டு வாரம் கிடைத்தது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். திரையில் ஒவ்வொரு சுரத்தையும் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன்; ஒன்று முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஏற்ற இறக்கத்தைச் சீவி மட்டமாக்கினேன். பிறகு நெப்ஸ் பொறுக்க உட்கார்ந்தேன். வில் உரசும் சத்தம், நாற்காலி முனகல், காகிதச் சரசரப்பு, மூச்சு. எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பதினேழு. அத்தனையையும் வெட்டி எறிந்தேன். செல்லோப் பெரியப்பாவின் மூச்சில் கை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். ஆனால் குறை என்றால் குறைதான், பெரியப்பா என்றால் விட்டுவிட முடியுமா?

திங்கட்கிழமை அனுசியாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. பாய் சத்தமாக வைத்தார்.

"சார், எல்லாம் சரியா இருக்கு. குத்தம்னு எதையும் சொல்ல முடியல. ஆனா மனுஷங்க வாசிக்கிற மாதிரி இல்ல, மெஷின் வாசிக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு, முடிஞ்சா இன்னொரு தடவை பாருங்க. இல்லைன்னா இன்னொருத்தரோடதை எடுத்துக்குறேன்."

பாய் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், அதில் என்னை யானையாக்கிக்கொண்டதைத் தவிர வேறு ஆறுதல் இல்லை. கீழே இறங்கும்போது மதினி மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சிருச்சா செல்வி? நேத்துப் பூரா ஓடுச்சே, ரொம்ப சுத்தமா இருந்துச்சு."

"எப்படி இருந்துச்சு மதினி?"

"நான் எங்கட்டி கேட்டேன்? அது பாட்டுக்கு ஓடுச்சு, நான் பாட்டுக்குத் தச்சேன்."

அந்த ஒரு வார்த்தை அனுசியா சொன்னதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது.

புதன்கிழமை லேப்பில் சிடுசிடுவென்று இருந்தேன். பத்து மணிக்கு ஃபிட்டர் சீனிச்சாமி இரண்டு கோன் நூலைக் கொண்டுவந்து என் மேஜையில் டொம்மென்று வைத்தார்.

"ஏன் செல்வி, இந்தக் கோன்ல மேடு பள்ளம் கூடத் தெரியுது, இதைப் பாஸ் பண்ணிட்ட. இது எம்புட்டு சமமா ஓடியிருக்கு, இதைத் திருப்பிட்ட. என் மெஷின்னா உனக்கு இளக்காரமா?"

சண்டைக்கு ஆள் கிடைக்காமல் இருந்தேன், வந்துவிட்டார். இரண்டு நூலையும் இரண்டு கறுப்புப் பலகைகளில் சுற்றினேன். சிலேட்டு மாதிரி பலகை அது; வெள்ளை நூலை இழை இழையாக நெருக்கிச் சுற்றி, நாலடி தள்ளி நின்று பார்த்தால் நூலின் ஜாதகமே தெரியும். முதல் பலகையில் அங்கங்கே தடிப்பும் மெலிவும் கிடந்தன, ஆனால் மொத்தமாகப் பார்க்க அமைதியாக இருந்தது. இரண்டாவது பலகையில் மேலிருந்து கீழ் வரை வரிவரியாக அலை ஓடியது.

"நல்லாப் பாருங்கண்ணே! அது பஞ்சோட குணம். செடியில வெளைஞ்சது அங்கங்க தடிச்சு மெலிஞ்சுதான் இருக்கும், கண்ணு அதை மன்னிச்சிரும். இது உங்க ரோலரோட குணம். சின்ன மேடுதான். ஆனா அதே மேடு, அதே தூரத்துல, திரும்பத் திரும்ப வருது. இதைக் கண்ணு விடாது. துணியா நெய்ஞ்சா ஊரே பாத்துச் சொல்லும், மெஷின் கோளாறுன்னு."

சொல்லி முடித்தேன். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்ன செல்வி, ஏன் இப்படி முழிக்க?" என்றார் சீனிச்சாமி.

மெஷின் கோளாறு. மெஷின் வாசிக்குது. அந்த வயலின்கள் கொத்துகிற இடத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் நாலே நாலு பதிவுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாற்பது சுரத்துக்கு அதே நாலு திரும்பத் திரும்ப வந்தது. மனுஷர் வாசித்ததில் இயல்பாக இருந்த மேடு பள்ளத்தை எல்லாம் நான் சீவி எடுத்துவிட்டேன். மிச்சம் நின்றது ரோலர் மேடு மட்டும். பஞ்சின் குணத்தை வெட்டிவிட்டு மெஷினின் குணத்தைப் பாஸ் பண்ணியிருக்கிறேன். பதின்மூன்று வருஷ சர்வீஸ்!

"நீங்க மகராசனா இருங்கண்ணே," என்றேன். சீனிச்சாமி பயந்துபோய் இரண்டு கோனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் மாடிக்குப் போனதும் நானூற்றுப் பதினேழையும் திரும்ப வைத்தேன். பிறகு ஆரம்பத்தில் இருந்து தொடங்கினேன். சுரத்தைக் கோட்டில் நிறுத்துகிற வேலையே வேண்டாம் என்று இருபத்து மூன்று வரிசையையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். வலது கை கட்டையில். இடது கை, சத்தத்தை ஏற்றி இறக்குகிற சின்னச் சக்கரத்தில். ஒவ்வொரு வரியையும் முதலில் பாடிப் பார்த்தேன். எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே புல்லாங்குழலுக்கும் மூச்சு விட இடம் கொடுத்தேன். என் பாட்டைக் கேட்டுப் பாய் காதைப் பொத்திக்கொண்டார். வயலின் கொத்துகிற இடத்தில் நாலு பதிவையும் வரிசை குலைத்தேன், பக்கத்துச் சுரத்தை இழுத்து வந்து சுருதி மாற்றி இடையில் வைத்தேன், ஒன்றை அழுத்தினேன், ஒன்றை நழுவவிட்டேன். முக்கால்வாசி அலை அடங்கியது. ஓர் இடத்தில் மட்டும், ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டாவது நொடியில், என்ன செய்தும் அது அடங்கவில்லை.

வியாழன் மாலை ஐந்தரை மணிக்கு முழுதாக ஓடவிட்டோம். பெரியப்பா மூச்சிழுத்தார். செல்லோ எழுந்தது. புல்லாங்குழல் வந்தபோது பாய் என் தோளைத் தட்டிக் கீழே கையைக் காட்டினார். தையல் மெஷின் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். மதினி ஊசிக்கடியில் துணியைப் பிடித்தபடி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பாய் அனுப்பிவிட்டார். நாலு மணிக்கு அனுசியா கூப்பிட்டார்.

"சார், இது யாரு வாசிச்சது? முன்னாடியே ரெக்கார்டிங் முடிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம், மாக்கப்தான்," என்றார் பாய்.

"சத்தியமாவா? நான் மூணு தடவை கேட்டேன், உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. உங்களோடதுதான் சார் படத்துக்கு. அப்புறம் ஒண்ணு. இதுவே இவ்வளவு நல்லா இருக்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா எதுக்கு? இதையே வச்சுக்கலாமே."

பாய்க்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆறு வருஷம் பாடுபட்டு, நிஜம் போலவே செய்யக் கற்றுக்கொண்டு, நிஜம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். என்னை யார் பேசச் சொன்னார்கள்? போனைப் பாயின் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"மேடம், நான் மாரிச்செல்வி. இதைச் செஞ்சவ. இதை வச்சுக்கிடாதீங்க, இதுல குறை இருக்கு."

"என்ன குறை? எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"ஒண்ணு நாப்பத்தெட்டுல கேளுங்க. வயலின் கொத்தும். ஒரு சுரம் மட்டும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். எண்ணிக்கிட்டே இருங்க, ஏழு சுரம் தள்ளி அதே கீச்சு வரும். பொறவும் ஏழு தள்ளி அதே கீச்சு."

அந்தப் பக்கம் ஓடவிடுவது கேட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். தன் சரக்கில் தானே குறை சொல்லுகிற வியாபாரியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

"ஐயோ," என்றார் அனுசியா. "இப்ப எனக்கு அது மட்டும்தான் கேக்குது. சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்க."

"இன்னொண்ணும் சொல்லிருதேன் மேடம். இது எப்பமோ, யாரோ, எதுக்குன்னே தெரியாம வாசிச்ச சுரம். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து வாசிச்சுட்டுப் போனவங்க. வயலின்காரங்க புல்லாங்குழலைக் கேட்டதில்ல. அணிலுக்குன்னு யாரும் வாசிக்கல. தெரிஞ்சு, சேந்து உக்காந்து வாசிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல மேடம். ஆறு வருஷமா அதுக்குத்தான் கெடக்கேன்."

கடைசி வாக்கியம் என் அனுமதி இல்லாமல் வந்துவிட்டது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"குறை கண்டுபிடிக்கிற வேலை மேடம்."

அவர் சிரித்தார். "சரி. ஆர்க்கெஸ்ட்ராவுக்கே அனுப்பலாம். அன்னைக்கு நானும் கேக்கணும்."

அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி. அங்கே அவர்களுக்குக் காலை பத்து. லேப்பில் கூட வேலை பார்க்கும் வெள்ளத்தாயிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பன்னிரண்டுக்கே வந்துவிட்டேன். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மதினி மெஷினுக்கு உறையே மாட்டிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார். சத்தம் கெடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம், மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

திரையில் ஒரு மண்டபம் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர் போட்டவர், தண்ணீர் குடிக்கிறவர், பக்கத்து ஆளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறவர். நான் செல்லோவைத் தேடினேன். முதல் நாற்காலியில் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண், குட்டை முடி, மூக்குக் கண்ணாடி. என் பெரியப்பாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொருவர் முன்னாலும் பாய் எழுதிய காகிதம் இருந்தது.

"ஏட்டி," என்று மதினி என் கையைப் பிடித்தார். "இம்புட்டுப் பேரும் நமக்காகவா வந்திருக்காக?"

"ஆமா மதினி," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நடத்துகிறவர் கையைத் தூக்கினார். சத்தமெல்லாம் அடங்கியது. அந்த அமைதியில், ஒரு சுரமும் தொடங்கும் முன்னால், ஐம்பத்திரண்டு பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அது ஸ்பீக்கர் வழியாக எங்கள் மாடிக்குள் வந்தது. நான் ஆறு வருஷமாக ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்த அதே சத்தம்தான், ஐம்பத்திரண்டு பேருடையது, ஒரே நேரத்தில். ஒன்றாகச் சேர்ந்து ஒன்றைச் செய்யப் போகிறவர்கள் முதலில் இப்படித்தான் சேர்கிறார்கள் என்று எனக்கு இவ்வளவு நாளாகத் தெரியாமல் போயிற்றே.

பிறகு அந்தப் பெண் செல்லோவில் வில்லை வைத்தாள். அதை எப்படிச் சொல்வது? நான் அழுத்திய அதே சுரம்தான், அதே நீளம்தான். புல்லாங்குழல்காரர் ஓர் இடத்தில் மனசு வராமல் ஒரு சுரத்தைக் கூடுதலாக நிறுத்தினார். இருபது வயலினும் அவருக்காகக் காத்திருந்தன. காகிதத்தில் அப்படி எழுதவில்லை. என் கம்ப்யூட்டருக்குள் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. ஒன்று நாற்பத்தெட்டு வந்தபோது நான் நகத்தைக் கடித்தேன். கொத்தினார்கள், ஓடினார்கள், தாவினார்கள். இருபது பேரில் ஒருவர் கொத்தியது போல் இன்னொருவர் கொத்தவில்லை, ஒரு சுரம் கூடத் திரும்ப வரவில்லை. அணில் நிஜமாகவே செண்பகத்தோப்பில் மரம் விட்டு மரம் போனது.

முடிந்ததும் பாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இருபது வருஷமாகக் காகிதத்தில் எழுதி எழுதி அடுக்கியவர். மதினி அவர் முதுகில் கை வைத்தார்.

ஸ்பீக்கரில் அங்கே ரெக்கார்டிங் பார்ப்பவரின் குரல் வந்தது. இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டார்: வாசிப்பு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் ஆரம்பத்தில் எல்லோருடைய மூச்சுச் சத்தமும் ஒரு நாற்காலிச் சத்தமும் விழுந்துவிட்டது, அதைச் சுத்தமாக வெட்டிவிடட்டுமா?

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தரம் பாக்குத ஆளு நீதான. சொல்லு செல்வி."

நான் மைக் பக்கத்தில் போய்க் குனிந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, மில்லில் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தைதான், அந்த ஊர்க்காரருக்கும் புரிகிற வார்த்தை.

"பாஸ்," என்றேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன்.